வெள்ளைக் கழிச்சல்: ஒரு நோயும் மூன்று பெயர்களும்



தலைநகரில் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பிரிவு ஒன்றில் பணிபுரியும் நமக்குச் சில காலத்துக்கு முன் கோழி வளர்ப்போருக்கான சிறு வெளியீடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்தது. அதில் ஒரு நோயின் பெயர் அடிக்கடி வந்தது. மூலத்தில் அதற்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஓரிடத்தில் நியூகாசில் நோய் என்றும், மற்றோரிடத்தில் இராணிகேத் நோய் என்றும் எழுதியிருந்தார்கள். முன்னது இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு துறைமுகப் பட்டினத்தின் பெயர். பின்னது இமயமலைச் சாரலில், குமாவோன் நாட்டில், சுமார் 6,000 அடி உயரத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். தமிழில் எதை எழுதுவது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது மூன்றாவது பெயர் ஒன்று நினைவில் எழுந்தது. அது நம் தாயார் சொல்லும் பெயர்: வெள்ளைக் கழிச்சல்.

பட்டினமும் மலையும் அந்தப் பெயரில் இல்லை. கொல்லைப்புறத்தில் குனிந்து நின்று கோழியின் எச்சத்தை உற்றுப் பார்த்த ஒருத்தி தான் கண்டதையே பெயராக வைத்தாள். இம்மூன்று பெயர்களும் ஒரே நோயைக் குறிப்பன என்பதை நாம் அறிந்தது நாற்பது வயதைக் கடந்த பிறகுதான். அதை முன்பே அறிந்திருந்தால் 1994ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நம் வீட்டில் நிகழ்ந்தது ஒருவேளை நிகழாமல் இருந்திருக்கும். அதைப் பின்னர்ச் சொல்கிறோம். வீட்டுக் கோழி நோயுற்றபோது மனிதர் அதற்குச் செய்துவந்த பணிவிடையின் வரலாற்றை முதலில் பார்ப்போம். பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு இன்று கோழி என்பது கடையில் நிறுத்து வாங்கும் பொருள். ஆயினும் நமக்குப் பின்னே ஊரில் ஒரு கொல்லைப்புறமும், அங்கே ஒரு பஞ்சாரமும், அதைக் கவிழ்த்து எடுக்கும் ஒரு கையும் இன்னும் இருக்கின்றன அல்லவா?

தமிழ்நாட்டில் கோழிக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர் குறுந்தொகையில் ஒரு காட்சியைக் காட்டுகிறார். மாலை நேரத்தில் வேலியோரம் காட்டுப்பூனை வந்துவிட, வீட்டுக்கோழியின் பேடை தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. புகும் இடம் தெரியாமல் அவை ஒன்றாகக் கூடுகின்றன. கோழியை வளர்த்துப் பார்த்த கண்ணுக்கே இக்காட்சி அகப்படும். பட்டினப்பாலையில் இன்னொரு காட்சி உண்டு. உலர்த்திய உணவுப் பொருளைத் தின்ன வந்த கோழியை விரட்டக் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண் தன் காதணியைக் கழற்றி எறிகிறாள். ஊரின் செல்வத்தைக் காட்டப் புலவர் இதைச் சொன்னார். நமக்கோ, அந்தச் செல்வ நகரத்து முற்றத்திலும் கோழி மேய்ந்துகொண்டிருந்தது என்பது கூடுதலாகத் தெரியவருகிறது.

நிலமும் மாடும் ஆடவர் கணக்கில் இருந்த வீடுகளிலும் கோழி பெண்ணின் கணக்கில் இருந்தது. முட்டை விற்ற காசைக் கணவன் கேட்பதில்லை. கேட்டாலும் அது கடுகுப் பானையிலிருந்து எளிதில் வெளிவருவதில்லை. குழந்தைக்குப் பலகை, கோயிலுக்குக் காணிக்கை, திடீரென்று வந்த காய்ச்சலுக்கு மருந்து ஆகியவையெல்லாம் அந்தப் பானையிலிருந்தே வந்தன. ஆதலால் நோயுற்ற கோழிக்கு வைத்தியம் பார்ப்பதும் அவள் பொறுப்பாயிற்று.

அந்த வைத்தியம் எளிதாக எண்ணத்தக்கதன்று. கீரியோ நாயோ கடித்துத் தப்பிவந்த கோழியை முதலில் மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்துப் பஞ்சாரத்தில் மூடுவார்கள். இரத்தம் கண்ட இடத்தை மற்றக் கோழிகள் கொத்திக் கொத்திப் பெரிதாக்கிவிடும் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. பிறகு புண்ணைச் சுற்றியுள்ள இறகை நீக்கி, வெந்நீரால் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். கால் ஒடிந்திருந்தால் மூங்கிற்சிம்பு இரண்டை இருபுறமும் வைத்துப் பழந்துணியால் கட்டுவார்கள். கொண்டையிலும் கண்ணோரத்திலும் அம்மைக் கொப்புளம் வந்தால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவுவார்கள். சளி பிடித்த கோழிக்குச் சின்ன வெங்காயத்தை நறுக்கிக் கொடுப்பார்கள். இரை எடுக்காத கோழியை மடியில் வைத்து அலகைத் திறந்து ஊறவைத்த கம்பை ஒவ்வொரு மணியாக ஊட்டுவார்கள். குளிர்ந்த இரவில் அடுப்படியின் சூட்டில் படுக்கவைப்பார்கள்.

இவற்றுள் பலவற்றை இன்றைய கால்நடை மருத்துவரும் ஏற்றுக்கொள்வார். காயம்பட்ட பறவைக்கு வேண்டுவன தனிமை, வெதுவெதுப்பு, தண்ணீர், இருட்டு, அமைதி ஆகியவையே என்று அவரும் சொல்வார். மஞ்சள், வேம்பு, பூண்டு முதலியவற்றைக் கொண்டு செய்யும் வீட்டு மருத்துவ முறைகளைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே ஆராய்ந்து மக்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. எனவே கிழவிகளின் வைத்தியம் என்று நகைப்பதற்கு இதில் இடமில்லை.

கடல் கடந்த நாடுகளிலும் நிலைமை இதுவே. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்னும் உரோமானியர் உழவுத்தொழில் பற்றிப் பன்னிரண்டு பகுதிகளில் எழுதிய பெருநூலில் கோழி வளர்ப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறார். கோழியின் நாக்கு நுனியில் வெண்மையான தோல் படரும் ஒரு பிணியை அவர் விவரிக்கிறார். அத்தோலை நகத்தால் மெல்ல உரித்துவிட்டுச் சாம்பலும் நசுக்கிய பூண்டும் இடவேண்டும் என்பது அவர் கூறும் மருத்துவம். சாம்பலும் பூண்டும்! உரோமாபுரி உழவன் வீட்டுக்கும் நம் கரிசல் காட்டு வீட்டுக்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாக்கின் நுனி காய்ந்து தடிப்பது தனி நோயன்று என்பதை இன்று அறிவோம். மூக்கடைத்த கோழி வாயைத் திறந்து மூச்சு விடுவதால் நாக்கு உலர்ந்து போகிறது. அதை உரிப்பதால் கோழிக்கு வலிதான் மிச்சம். கொலுமெல்லா கண்ணுக்குத் தெரிந்ததை நன்றாகவே கண்டார். கண்ணுக்குத் தெரியாததை அவரால் காண இயலவில்லை. புண்ணும் முறிவும் கண்ணுக்குத் தெரிவன. ஆகவே அவற்றில் வீட்டு வைத்தியம் வென்றது. ஒரே வாரத்தில் ஊர்க் கோழிகள் அனைத்தையும் சாய்க்கும் கொள்ளைநோய் வந்தபோது, தெய்வக் குற்றம் என்றும் கண்ணேறு என்றும் சொல்வதைத் தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகைவனைத் தேடிய வரலாற்றில் நோயுற்ற கோழிக்குச் சிறந்த இடம் உண்டு. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1879ஆம் ஆண்டில் கோழிக் காலரா என்னும் நோயை உண்டாக்கும் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாட்பட வைத்திருந்த கிருமிக் குழம்பைக் கோழிகளுக்குச் செலுத்தியபோது அவை சிறிது நோயுற்றுப் பிழைத்துக்கொண்டன. அதே கோழிகளுக்குப் பின்னர்க் கொடிய கிருமியைச் செலுத்தினாலும் அவை சாகவில்லை. நலிந்த கிருமி, வலிய கிருமியைத் தடுக்கும் காவலாகிறது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. பெரியம்மைக்குப் பசு அம்மையைக் குத்தும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் கிருமியை வேண்டுமென்றே நலியச் செய்து தடுப்பு மருந்து ஆக்கலாம் என்று காட்டியது இந்தக் கோழிகளே. ஆந்திராக்ஸுக்கும் வெறிநாய்க்கடிக்கும் பாஸ்டர் கண்ட மருந்துகள் பின்னர் வந்தவை.

மற்றொரு பாடம் சாவகத் தீவில் கிடைத்தது. அங்கே பத்தேவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். 1890ஆம் ஆண்டை ஒட்டி அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி, நிற்க முடியாமல் விழத் தொடங்கின. சில மாதங்களில் எந்த மருந்தும் இல்லாமலே தேறின. விசாரித்தபோது உண்மை தெரிந்தது. இராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துக்குரிய அரிசியை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு தவிடு நீங்காத அரிசியைத் தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன. தவிட்டில் உள்ள ஒரு பொருள் உயிருக்கு இன்றியமையாதது என்ற அறிவு இதிலிருந்து வளர்ந்தது. அதையே இன்று பி1 வைட்டமின் என்கிறோம். எய்க்மானுக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. நம் நீலகிரிக் குன்னூரில் 1918ஆம் ஆண்டில் மக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சியும் இவ்வழியில் வந்ததே. அந்த நிலையந்தான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது. நோயுற்ற கோழியை உற்றுப் பார்த்ததால் மனித குலம் பெற்ற நன்மை இவ்வளவு.

ஆனால் மனிதனுக்கு இவ்வளவு கற்பித்த கோழிக்கே ஒரு புதுப் பகைவன் தோன்றினான். 1926ஆம் ஆண்டில் அதே சாவகத் தீவில் கிரானவெல்டு என்பார் கோழிகளிடையே ஒரு புதிய கொள்ளைநோயைக் கண்டு எழுதினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில், நியூகாசில் நகரத்துக்கு அருகில் ஒரு பண்ணையில் கோழிகள் கூட்டமாக மடிந்தன. அதை ஆராய்ந்த டாயில் என்பவர் அடுத்த ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். அதற்கு முன் ஐரோப்பாவில் கோழிப் பிளேக் என்றொரு நோய் அறியப்பட்டிருந்தது. இதுவும் அதுவும் ஒன்றா என்ற கேள்வி எழுந்தது. ஒரு நோயில் பிழைத்த கோழிக்கு மற்றொரு நோய் தொற்றுகிறதா என்று டாயில் சோதித்தார். தொற்றியது. ஆகவே இரண்டும் வெவ்வேறு என்று தெளிந்தது. அப்போதைக்கு ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக நகரத்தின் பெயரையே நோய்க்கு இட்டார். அப்போதைக்கு என்று இட்ட பெயர் எப்போதைக்குமாக நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் 1927, 1928ஆம் ஆண்டுகளில் குமாவோன் மலையில் இராணிகேத் ஊர்க் கோழிகளை இந்நோய் வாரிக்கொண்டு போயிற்று. இராணிகேத்துக்கு இந்தக் கெட்ட பெயர் வந்ததற்கு ஒரு காரணம் அண்மையில் இருந்த முக்தேசுவரம் என்று கருதலாம். 1889ஆம் ஆண்டு டிசம்பரில் பூனாவில் தொடங்கப்பட்ட அரசாங்கக் கிருமியியல் ஆய்வுக்கூடம் 1893ஆம் ஆண்டில் அந்த மலைக்கு மாற்றப்பட்டது. சுமார் 7,500 அடி உயரத்தில், சுற்றிலும் காடு சூழ்ந்த இடம். கொடிய தொற்றுநோய்க் கிருமிகளை ஆராய்வதற்கு ஊரும் மந்தையும் இல்லாத குளிர்ந்த மலை ஏற்றது என்று கருதினார்கள். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிறப்பிடம் அதுவே. அங்கே தலைமை வகித்த எட்வர்ட்ஸ் என்பார் 1928ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்தார். ஆராய்ச்சிக்கூடத்துக்கு அருகில் இறந்த கோழிகளுக்குப் பெயர் கிடைத்தது. அவ்வாறே இறந்த மற்ற ஊர்க் கோழிகளுக்கு அது கிடைக்கவில்லை.

நோயின் தன்மையையும் சொல்லிவிடுவோம். இதை உண்டாக்குவது ஒரு வைரஸ். நுண்கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் கடந்து செல்லும் அளவுக்குச் சிறியது. உடலுள் புகுந்து பெரும்பாலும் இரண்டு நாள் முதல் பதினைந்து நாளுக்குள் தன்னைக் காட்டும். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கித் தூங்கி விழும். இரை எடுக்காது. எச்சம் வெண்மையும் பசுமையுமாக நீராய்க் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்கு இறக்கையும் காலும் விழுந்துவிடும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி பெறாத கூட்டத்தில் கொடிய வகை நோய் புகுந்தால் ஏறக்குறைய எல்லாமே மடியும். எச்சத்திலும் எச்சிலிலும் வைரஸ் வெளிவரும். தண்ணீர்க் கிண்ணம், காலணி, கூடை, கை என எல்லாம் அதற்கு வாகனம். நோய் வந்த பிறகு அதைக் குணப்படுத்தும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மருந்து இல்லாத இடத்தில் தடுப்பு ஒன்றே வழி. பாஸ்டரின் கோழிகள் காட்டிய வழியிலேயே அறிஞர் சென்றார்கள். நோய் வைரஸைக் கோழிமுட்டையின் கருவில் வளர்த்து, ஒரு முட்டையிலிருந்து இன்னொரு முட்டைக்கு மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டே போனால் அதன் கொடுமை தணிகிறது என்று கண்டார்கள். 1940ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐயர், டாப்சன் ஆகிய இருவர் இம்முறையில் நலிவித்த வைரஸைப் பற்றி எழுதினார்கள். ஆங்கிலேய ஆராய்ச்சி ஏட்டில் ஐயர் என்னும் பெயரைக் காணும்போது நம் நெஞ்சு சற்று நிமிரத்தான் செய்கிறது. முக்தேசுவரத்தில் ஹேடோ, இத்னானி ஆகிய இருவரும் இந்திய வைரஸையே முட்டைக் கருவில் பழக்கித் தடுப்பு மருந்தாக்கி, 1946ஆம் ஆண்டில் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். முக்தேசுவர வகை என்று உலகம் அதை அழைக்கிறது. ஆர்2பி என்ற பெயரில் நம் கால்நடை மருந்தகங்களில் கிடைப்பது அதுவே. அது சற்று வலியது. எட்டு வார வயதை ஒட்டி வளர்ந்த கோழிக்கே இறக்கையின் கீழ் ஊசியாகப் போடுவர். இளங்குஞ்சுகளுக்கு எஃப் அல்லது லாசோட்டா என்னும் மெல்லிய வகையை முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விடுவர்.

தமிழ்நாட்டில் இம்மருந்துகளை ஆக்குமிடம் எது தெரியுமா? வட ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த இராணிப்பேட்டை. அங்குள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நெடுங்காலமாக இப்பணியைச் செய்துவருகிறது. இராணிகேத்தில் பெயர் பெற்ற நோய்க்கு இராணிப்பேட்டையில் மருந்து! இப்பெயர்ப் பொருத்தத்தை ஒரு மொழிபெயர்ப்பாளன் கண்டும் காணாமல் போக முடியாது அல்லவா?

இனி, முன்பு சொல்வதாகச் சொன்னதைச் சொல்ல வேண்டும். 1946இல் உலகறியச் செய்த மருந்து, 1994இல் வைப்பாற்றங்கரையில் இருந்த நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. அப்போது நம் தாயாரிடம் பதினேழு கோழிகள் இருந்தன. அவ்வாண்டு முட்டைக் காசு சேர்ந்ததும் நமக்கு ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். மாசி மாதத்தில் ஒரு நாள் சந்தையில் வாங்கிய செந்நிறப் பேடை ஒன்று தூங்கி விழத் தொடங்கியது. தாயார் அதை அடுப்படிக்குக் கொண்டுவந்தார். வெங்காயம் கொடுத்தார். அலகைத் திறந்து நீர் புகட்டினார். இரவில் இருமுறை எழுந்து பார்த்தார். பொழுது விடிந்ததும் அதே கையால் மற்றக் கோழிகளுக்குக் கம்பு தூவினார். அது மீதம் வைத்த தண்ணீரை மற்றவற்றுக்கு ஊற்றினார். அவர் காட்டிய அன்பே நோயின் வழியாக அமைந்தது. ஒன்பது நாளில் மூன்று கோழிகள் மிஞ்சின. அவற்றுள் ஒன்றுக்குக் கழுத்து திருகியிருந்தது. அகராதி அவ்வாண்டு வரவில்லை.

அண்டை வீட்டார் சிலர் தம் கோழிகளை விரைந்து சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார்கள். சாகுமுன் நாலு காசு கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில் செய்தார்கள். அதனால் நோய் எந்தெந்த ஊருக்குப் போயிற்றோ, யார் அறிவார்! சந்தையிலிருந்து நம் வீட்டுக்கு வந்த செந்நிறப் பேடையும் அவ்வாறு எவரோ விற்றதாகவே இருந்திருக்கலாம்.

மருந்து ஏன் வந்து சேரவில்லை? அதற்குப் பலரும் பலரைக் குறைகூறுவர். மருந்தின் இயல்பிலேயே ஒரு தடை இருந்தது என்பதை நாம் காண வேண்டும். உயிருள்ள வைரஸால் ஆன மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். வெயிலில் சிறிது நேரம் இருந்தாலும் பயனற்றுப்போகும். ஒரு சிறு குப்பியில் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போடும் அளவு மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டொரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆயிரம் கோழி கொண்ட பண்ணைக்கு இது பொருந்தும். ஏழு கோழி ஒரு வீட்டிலும் பதினொன்று மறுவீட்டிலுமாகப் பகலெல்லாம் காட்டில் மேயும் ஊருக்கு இது எப்படிப் பொருந்தும்? மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் நோயை வென்றார்கள். ஊருக்கும் குப்பிக்கும் இடையிலிருந்த வெயில் மிச்சமிருந்தது.

அந்த வெயிலையும் வெல்ல முயன்றவர்கள் உண்டு. 1966ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்சுலாந்து மாநிலத்தில் நோயற்ற கோழிகளிடமிருந்து வி4 என்னும் மென்மையான வைரஸ் வகை கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து வெப்பத்தைச் சற்றுத் தாங்கும் மருந்தையும், பின்னர் ஐ2 என்னும் வகையிலிருந்து இன்னொரு மருந்தையும் அந்நாட்டு அறிஞர் ஆக்கினார்கள். ஆசிய, ஆப்பிரிக்கச் சிற்றூர்களை எண்ணியே அவை ஆக்கப்பட்டன. நம் தமிழ்நாட்டிலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் இரையோடு தின்னக்கூடிய குருணை வடிவில் தடுப்பு மருந்து செய்திருக்கிறார்கள். ஊசி போட ஆள் வராவிட்டாலும் வீட்டுப் பெண்ணே தன் கையால் இரை தூவுவதுபோல் இதைத் தூவலாம். நோயைச் சுமந்த கையே காவலைச் சுமக்கும் கையாவது எவ்வளவு பொருத்தம்! பிப்ரவரி மாதத்தில் ஊர்தோறும் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்தும் வழக்கமும் தமிழ்நாட்டில் ஏற்பட்டிருக்கிறது.

ஆகவே ஊரில் கோழி வளர்க்கும் உறவினர் உள்ள அன்பர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லி முடிப்போம். காயம்பட்ட கோழிக்கு அன்னையர் வைத்தியம் தொடரட்டும். ஆனால் காரணம் தெரியாமல் தூங்கி விழும் கோழியை வீட்டுக்குள் கொண்டுவருவதற்குமுன் ஒன்றை எண்ண வேண்டும். நலமுள்ள கோழிகளுக்கு முதலில் இரையும் நீரும் வைத்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியில் கவனிக்க வேண்டும். பிறகு கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். அதற்கென்று தனிக் கிண்ணம் வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்து பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். தடுப்பூசி என்பது நலமுள்ள கோழிக்கு முன்கூட்டியே போடுவது. நோய் கண்ட பின் அது உதவாது. ஒரு குப்பியை நான்கைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால், கோழிகள் கூட்டில் அடைந்த நேரத்தில் எல்லா வீட்டுக்கும் போட்டுவிடலாம். இறந்த கோழியைத் தின்னவும் கூடாது, வாய்க்காலில் எறியவும் கூடாது. ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

இன்னுமொன்று. 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராட்டிர மாநிலத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. டாயில் காலத்தில் கோழிப் பிளேக் எனப்பட்ட அதே இனத்து நோய்தான் அது. வெறுங்கண்ணால் பார்த்து அதையும் வெள்ளைக் கழிச்சலையும் பிரித்தறிய இயலாது. அது மனிதரையும் தொற்றக்கூடியது. ஆதலால் பல கோழிகள் ஒருசேர மடிந்தால், அவற்றைத் தொடாமலும் புதைக்காமலும் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிப்பதே முதற்கடமை.

வெளியீட்டின் மொழிபெயர்ப்பு முடிந்த இரவில் ஊருக்குத் தொலைபேசியில் பேசினோம். 1994ஆம் ஆண்டு நிகழ்ந்ததன் காரணத்தைத் தாயாரிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று நெடுநேரம் தயங்கிய பிறகே சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்ப யாருய்யா வந்து சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. நியூகாசிலில் தெரிந்தது, இராணிகேத்தில் தெரிந்தது, இராணிப்பேட்டையிலும் தெரிந்தது. அவரிடம் வந்து சொல்ல எவரும் இருக்கவில்லை. வெளியீட்டில் அந்நோய் வரும் இடங்களிலெல்லாம் வெள்ளைக் கழிச்சல் என்று முதலில் எழுதி, அதன் பக்கத்தில் இராணிகேத் நோய் என்று எழுதினோம். மேலதிகாரி காரணம் கேட்டார். படிக்கவேண்டியவர்கள் அறிந்த பெயர் அதுதான் என்று சொன்னோம். அவர் ஏற்றுக்கொண்டார்.

இந்தத் தை மாதம் தாயார் தம் பன்னிரண்டு கோழிகளோடு அடுத்த மூன்று வீட்டுக் கோழிகளையும் எண்ணிக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார். முகாமுக்கு வருபவர்களிடம் சொல்வதற்காம். அன்பர்கள் அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, நலம் விசாரித்த பின் கோழிகளையும் விசாரியுங்கள்.